தெரிஞ்சு தாறன்: சூஸ், செலெக்ட், பிக்

"ஐ செலெக்டட் டு ஸ்டடி இன் யுவர் கன்ட்ரி." வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவரும் கடிதங்களில் இந்த வசனம், அல்லது இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று, எங்காவது ஒளிந்திருக்கும். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் பின்னேரங்களில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவன். செலெக்டட்டை வெட்டிவிட்டு மேலே சோஸ் என்று எழுதினால் (தக்காளிச் சோஸ் இல்லை, சூஸ் என்பதன் இறந்தகாலம், ஒவ்வொரு வகுப்பிலும் இதற்கு ஒரு சிரிப்பு உண்டு) உடனே கேள்வி வரும்: "சேர், ரெண்டுக்கும் தெரிவு செய்தல் எண்டுதானே டிக்சனரியில கிடக்கு? செலெக்ட் கொஞ்சம் பெரிய இங்கிலிஷ் எல்லோ, அதைப் போட்டா நல்லம்தானே?"

நியாயமான கேள்விதான். டிக்சனரி உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறது. சூஸைத் தேடினால் செலெக்ட் என்று இருக்கும், செலெக்டைத் தேடினால் சூஸ் என்று இருக்கும், பிக்கைத் தேடினால் இரண்டையும் காட்டிவிட்டுக் கழன்றுவிடும். அதனால்தான் பாடசாலையில் பத்து வருடத்துக்கு மேல் இங்கிலிஷ் படித்த பிள்ளையும் இந்த இடத்தில் தடக்குப்படுகிறது.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம். சூஸ், எலெக்ட், ஒப்ட், ப்ரிஃபர் ஆகிய நாலுக்கும் பின்னால் 'டு' போட்டு ஒரு செயலை எழுதலாம். ஐ சோஸ் டு ஸ்டே, ஐ ஒப்டட் டு ஸ்டே, ஐ எலெக்டட் டு ஸ்டே, எல்லாம் சரி. செலெக்டுக்கும் பிக்குக்கும் அது வராது. ஐ செலெக்டட் டு ஸ்டே என்று யாரும் எழுதமாட்டார்கள், ஐ பிக்ட் டு ஸ்டே அதைவிட மோசம். இந்த இரண்டுக்கும் எடுக்கிறதுக்கு ஒரு பொருளோ ஆளோ தேவை. இன்னும் செய்யாத ஒரு செயல் தட்டில் கிடக்காது, ஆகவே அதைப் பொறுக்கவும் முடியாது, வகைபிரித்து எடுக்கவும் முடியாது. அதை மனம் மட்டும்தான் எடுக்கலாம், மனத்தின் வினை சூஸ்.

ஆனால் பின்னால் 'டு' இல்லாத இடங்களில் இந்த விதி கைகொடுக்காது. அங்கே நான் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற வழி ஒன்று உண்டு: எடுத்தவரிடம் "ஏன் இதை எடுத்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சூஸ் பண்ணினவர் "எனக்குப் பிடிச்சுது" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. செலெக்ட் பண்ணினவருக்கு அந்த வசதி இல்லை, அவர் காரணம் சொல்லவேண்டும், எந்த அளவுகோலால் அளந்தார் என்று காட்டவேண்டும், அதே அளவுகோலை இன்னொருவர் கையில் கொடுத்தால் அவரும் கிட்டத்தட்ட அதையே எடுக்கவேண்டும். பிக் பண்ணினவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே கொஞ்சம் அதிகம். கை போன இடத்தில் அகப்பட்டதை எடுத்தார், அவ்வளவுதான்.

மாம்பழக் காலத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் மூன்றையும் ஒரே கடையில் பார்க்கலாம். ரியூசனுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, குவியலில் மேலே கிடந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போகிற பெடியன் பிக் பண்ணுகிறான். கொழும்புக்கு அனுப்ப வந்த ஆள் நிலத்தில் சாக்கை விரித்து, காம்பு முறியாதது, தோலில் கறையோ புள்ளியோ இல்லாதது, ஒரே பருமனானது என்று ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்து ஒருபக்கம் ஒதுக்குகிறார். அவர் செய்வது செலெக்ட். அவர் மாம்பழப் பிரியராய் இருக்கவேண்டிய அவசியமே இல்லை, நீரிழிவுக்காரராய் இருந்தாலும் அந்த வேலையைச் சரியாய்ச் செய்வார். பக்கத்தில் ஒரு அம்மா கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், காம்படியை மணந்து பார்க்கிறார், விலையைக் கேட்கிறார், வீட்டில் யாருக்கு எது விருப்பம் என்று யோசிக்கிறார். அவர்தான் சூஸ் பண்ணிக்கொண்டு நிற்கிறார், இன்னும் பண்ணி முடியவில்லை.

நான் போய் ஒன்றை எடுத்து மெல்ல அமத்திப் பார்த்தால் கடைக்காரப் பெண் விடமாட்டார். "தம்பி, நசிக்காதேங்கோ. எத்தனை கிலோ எண்டு சொல்லுங்கோ, நான் தெரிஞ்சு தாறன்."

தெரிஞ்சு தாறன். எங்கள் பக்கத்துப் பேச்சில் தெரிதல் இன்னும் எடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் "எதைத் தெரிந்துகொண்டு தருவார்?" என்று கேட்பார்கள், அவர்களுக்குத் தெரிவது என்றால் அறிவது மட்டும்தான். இங்கே தெரிவு, அங்கே தேர்வு. அவர்கள் பரீட்சையையும் தேர்வு என்கிறார்கள், நாங்கள் பரீட்சையைப் பரீட்சையாகவே விட்டுவிட்டோம். இங்கிலிஷில் செலெக்ட் கொமிட்டி என்றால் எங்கள் பாராளுமன்றத் தமிழில் தெரிவுக்குழு. பழைய வேதாகமத் தமிழிலும் இதே தெரிதல்தான்: "அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்." இங்கிலிஷில் அந்த இடத்தில் சோஸன். இன்றைக்கு ஒரு பிள்ளை அதை வாசித்தால் அறிமுகமானவர்கள் சிலர் என்றுதான் விளங்கிக்கொள்ளும்.

பிக்குக்கு எங்களிடம் ஆய்தல் இருக்கிறது. பூ ஆய்கிறது, முருங்கையிலை ஆய்கிறது, மாங்காய் ஆய்கிறது என்றால் இங்கே எவருக்கும் விளங்கும். அதே ஆய்தல்தான் பல்கலைக்கழகத்துக்குள் போனதும் ஆய்வு ஆகி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. இங்கிலிஷ் பிக்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அதன் பழைய பொருள் கொத்துவது, குத்துவது. இன்றைக்கும் அது விரல் நுனியிலேயே நிற்கிறது: பூப் பறித்தால் பிக், பல்லுக் குத்தினால் பிக், சாவி இல்லாமல் பூட்டைத் திறந்தால் பிக், சட்டைப் பையில் கைவிட்டால் பிக்பொக்கெட், வேண்டுமென்று சண்டைக்கு இழுத்தாலும் பிக். வகுப்பில் ஒருவனையே திரும்பத் திரும்பச் சீண்டினால் பிக்கிங் ஒன் ஹிம். தமிழில் பொறுக்குதலில் இருந்து பொறுக்கி வந்ததை நினைத்தால் இரண்டு மொழியும் இந்த வினையைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்திருக்கின்றன.

ஒன்று விசித்திரம். எங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பதை இங்கிலிஷில் பிளக்கிங் என்கிறார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கண்ணால் அளந்து விரலால் கிள்ளுகிற வேலை அது, உண்மையில் செலெக்ட் என்றே சொல்லலாம். நாளுக்கு இத்தனை கிலோ என்று நிறுத்துக் கூலி கொடுக்கிற வேலைக்கு யாரும் செலெக்ட் என்ற பெயரை வைக்கமாட்டார்கள்.

வேர்களைத் தோண்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஒரு சொல் ஆயிரம் வருடத்துக்கு முன்னர் என்ன செய்தது என்பதை வைத்து இன்றைக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு வினைகளிலும் வேர் அப்படியே பொருந்தி வருகிறது. சூஸ் பழைய இங்கிலிஷின் சொந்தப் பிள்ளை. லத்தீனில் ருசி பார்ப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு அது தூரத்து உறவு. செலெக்ட் லத்தீனில் இருந்து பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஆள்: வேறாக என்று ஒரு துண்டு, சேர்த்து எடுப்பது என்று ஒரு துண்டு, இரண்டும் ஒட்டியது. கலெக்டும் எலெக்டும் அதே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று நாக்கால் எடுக்கிறது, மற்றது ஒதுக்கி வைத்து எடுக்கிறது. பிச்சைக்காரன் ருசி பார்க்கக்கூடாது என்கிற அந்தப் பிரபலமான இங்கிலிஷ் பழமொழியில் சூஸர்ஸ் என்று இருக்கிறதே தவிர செலெக்டர்ஸ் என்று இல்லை. செலெக்டர்ஸ் என்றால் கிரிக்கெட் சபையில் ஏசி அறைக்குள் இருக்கிறவர்கள்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இந்தச் சொற்கள் உயிரை எடுக்கிற இடம் அதுதான்.

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தபின் பிள்ளை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்பும். எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்று முதலாவது, இரண்டாவது, மூன்றாவதாக வரிசைப்படுத்தவேண்டும். அந்த வரிசைக்கு இங்கிலிஷில் ப்ரிஃபரன்ஸ். ப்ரிஃபர் என்பது சூஸ் இல்லை, இதை ஏனோ யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒன்றை முன்னால் வைப்பது மட்டும்தான் ப்ரிஃபர், கையில் எதுவும் வரவேண்டும் என்றில்லை. நான் இடியப்பத்தை விடப் பிட்டை ப்ரிஃபர் பண்ணுகிறவன் என்பதற்காக இன்றைக்கு வீட்டில் பிட்டு அவிக்கப்போவதில்லை. (ப்ரிஃபருக்குப் பின்னால் இங்கிலிஷ் 'தான்' போடாதேயுங்கோ, 'டு' போடுங்கோ. இதை எழுதி எழுதியே என் பேனை தேய்ந்துவிட்டது.)

பிள்ளை தன் விருப்பங்களை வரிசையாய் எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது செலெக்சன். 2001 முதல் இசெட் புள்ளி என்கிற ஒன்று வந்து, வெவ்வேறு பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்தி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கோக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று வகுத்திருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு, யாழ்ப்பாணம் இல்லை. பாலத்துக்கு அங்காலை பிறந்திருந்தால் மெடிசின் கிடைத்திருக்கும் என்று ஆனையிறவைக் காட்டிப் புலம்புகிற பெற்றோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அளவுகோல் சரியா பிழையா என்பது வேறு சண்டை, 1970களின் தொடக்கத்துத் தரப்படுத்தலில் இருந்து இந்த ஊர் அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சண்டை போட முடிகிறதே, அதனால்தான் அது செலெக்சன். அளவுகோல் எழுத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டி நியாயம் கேட்கலாம். யாரோ ஒரு அதிகாரி "எனக்குப் பிடிச்சவையை எடுத்தனான்" என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் பிடிகொம்பே இல்லை.

இப்போது அந்தக் கடிதங்களுக்குத் திரும்பப் போனால் ஏன் நான் வெட்டுகிறேன் என்பது விளங்கும். "ஐ செலெக்டட் யுவர் யுனிவர்சிட்டி" என்பதில் 'டு' இல்லை, இலக்கணம் சரி. ஆனாலும் வாசிக்கிறவருக்கு ஏதோ உறுத்தும். விண்ணப்பிக்கிற பிள்ளை மேசைக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்து, உலகப் பல்கலைக்கழகங்களை எல்லாம் வரிசையில் நிற்பாட்டிப் புள்ளி போட்டதுபோல ஒரு தோரணை வந்துவிடுகிறது. "ஐ சோஸ்" என்றால் அந்தத் தோரணை இல்லை, என் விருப்பம், என் பொறுப்பு. "ஐ பிக்ட்" என்றால் தலையங்கத்தை மட்டும் பார்த்து விண்ணப்பம் போட்டமாதிரி.

ஒரு பிள்ளை, உயர்தரத்தில் உயிரியல் செய்தவ, வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் மெடிசின் தவறிப்போய், வெளிநாட்டில் தாதியியல் படிக்க விண்ணப்பித்தா. மெடிசின் கிடைக்கவில்லை என்பதை எழுதவேண்டாம் என்று தகப்பன் ஒரே பிடி. "அதை ஏன் சேர் அவையளுக்குச் சொல்லுவான்? தாதியியல்தான் சின்ன வயசில இருந்து விருப்பம் எண்டு போடுங்கோ." பிள்ளை பேசாமல் இருந்துவிட்டு, தகப்பன் மோட்டார்சைக்கிளை எடுக்க வெளியே போன நேரம் என் கையில் இருந்த பேனையை வாங்கித் தானே எழுதினா: ஐ வொஸ் நொட் செலெக்டட் ஃபோர் மெடிசின். ஐ சோஸ் நேர்சிங். என்னால் ஒரு புள்ளிகூட மாற்ற முடியவில்லை. முதல் வசனத்தில் ஒரு அளவுகோல் அவவை வெளியே விட்டது, இரண்டாவதில் எடுத்தது அவ. தகப்பன் திரும்பி வந்து வாசித்துவிட்டு, "செலெக்ட், சூஸ் எண்டு ரெண்டு மாதிரிப் போட்டிருக்கு, ஒண்டாக்கினா வடிவாயிருக்குமெல்லோ" என்றார்.

செயப்பாட்டு வினையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐ வொஸ் செலெக்டட் என்றால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், போட்டியில் வென்றமாதிரி. ஐ வொஸ் பிக்ட் என்றால் யாருடைய விரலோ என்மேல் வந்து நின்றது, அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், கஷ்டகாலமாகவும் இருக்கலாம். ஐ வொஸ் சோஸன் என்றால் யாருக்கோ நான் வேண்டியிருந்தேன். புலமைப்பரிசில் கடிதங்களில் செலெக்டட் என்றுதான் வரும், சோஸன் என்று வந்தால் அந்தக் கடிதத்தை நான் ஒருதரம் சந்தேகத்தோடு பார்ப்பேன், அனேகமாக அடுத்த பந்தியில் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டிருக்கும். எங்கள் சனமோ இந்த வம்பெல்லாம் இல்லாமல் "கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று முடித்துவிடும். கொடுத்தது யார், எடுத்தது யார் என்ற பேச்சே அதில் இல்லை, மழை கிடைத்தமாதிரி.

செலெக்டுக்கு மனம் தேவையில்லை என்பதற்கு டார்வினை விடப் பெரிய சாட்சி இல்லை. 1859இல் வெளிவந்த தன் நூலில் அவர் விளக்கிய இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு இங்கிலிஷில் நச்சுரல் செலெக்சன் என்று பெயர் வைத்தார். புறா வளர்க்கிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும் நல்லதை ஒதுக்கி எடுத்து இனம்பெருக்குவதைப் பார்த்து வைத்த பெயர் அது. இதே கருத்தை டார்வினைச் சாராமல் தானும் கண்டடைந்த வொலஸ் 1866இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: செலெக்சன் என்றால் வாசிக்கிற சனம் யாரோ ஒருவர் இருந்து எடுக்கிறார் என்று நினைக்கிறது, ஆகவே தத்துவவாதி ஸ்பென்சரின் 'தக்கன பிழைத்தல்' என்கிற தொடரைப் போடுங்கள் என்று. டார்வின் 1869 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் பழையதை விடவில்லை. என்னைக் கேட்டால் டார்வின் செய்ததுதான் சரி. வொலஸ் பயந்தது சூஸுக்குப் பொருந்தும், செலெக்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நச்சுரல் சொய்ஸ் என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள், காடெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறமாதிரி ஆகிவிடும். வடிகட்டிக்கு மூளை இல்லாவிட்டாலும் அது வேறாக்கும். அதற்குச் செலெக்ட் போதும்.

கொம்பியூட்டர் உலகமும் இதை எப்படியோ சரியாகப் பிடித்துக்கொண்டது. எலியை இழுத்துச் சொற்களை நீலமாக்குவது செலெக்ட். தரவுத்தளத்தில் நிபந்தனையைக் கொடுத்து விவரங்களை வாங்குவதற்கு 1970களில் உருவாக்கிய மொழியிலும் முதற்சொல் செலெக்ட், நிபந்தனைக்குப் பொருந்துகிறதெல்லாம் வரும், கொம்பியூட்டருக்கு இதில் விருப்பு வெறுப்பு இல்லை. உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்றால்தான் சூஸ் என்று எழுதவேண்டும் என மைக்ரோசொஃப்ட் தன் எழுத்தாளர்களுக்கான கைநூலில் சொல்லி வைத்திருக்கிறது. ஐஈஎல்டிஎஸ் பரீட்சைத் தாளில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை. "சூஸ் த கரெக்ட் லெட்டர்" என்று அதில் இருக்கும். சரியான விடை ஒன்றே ஒன்றுதான் என்றால் அதில் என் விருப்பத்துக்கு எங்கே இடம்? ஆனால் இங்கிலிஷ்காரர் அப்படித்தான் எழுதுகிறார்கள், சாதாரண பேச்சில் சூஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான வினை. நான் சொன்ன வேலி சூஸைச் சுற்றித் தளர்வாகவும் செலெக்டைச் சுற்றி இறுக்கமாகவும் இருக்கிறது. சந்தேகம் என்றால் சூஸைப் போடுங்கள், பெரும்பாலும் தப்பலாம்.

ஒப்ட் வேறு மாதிரி. அதைச் சொன்னவுடன் மற்றப்பக்கம் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றும். 1871இல் பிரான்ஸ் தோற்று அல்சாஸ், லொரேன் பகுதிகள் ஜேர்மனியின் கைக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்திருக்கலாம், ஆனால் 1872 ஒக்ரோபருக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அப்படிப் போனவர்களை ஒப்டன்ட்ஸ் என்றார்கள். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டே ஆகவேண்டும், விடுகிற வலியும் வினைக்குள்ளேயே இருக்கிறது. இப்போது அது உறுப்புத் தானத்தில் வந்து நிற்கிறது: இங்கிலாந்தில் 2020 முதல் வேண்டாம் என்று பதிந்து ஒப்ட் அவுட் பண்ணாத வளர்ந்தவர்கள் பொதுவாகச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு பதில் ஆகிவிடுகிற இடங்களில்தான் ஒப்டுக்கு வேலை.

எடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தால்? அதற்கும் இங்கிலிஷில் ஒரு பெயர், ஹொப்சன்ஸ் சொய்ஸ். தோமஸ் ஹொப்சன் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் வாடகைக் குதிரை விட்டவர். வாசலுக்குக் கிட்ட நிற்கிற குதிரையை எடு, இல்லாவிட்டால் நடந்து போ என்பது அவர் சட்டம். நல்ல குதிரையையே எல்லாரும் கேட்டு ஓட்டிக் களைக்கவைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எங்கள் ஊரில் "சொய்ஸ் இல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகிறோம், ஹொப்சனுக்கு அந்த நேர்மை இல்லை.

இதனால்தான் சூஸைக் கண்டால் சில இடங்களில் எனக்குக் கோபம் வரும். விசாப் படிவங்களிலும் நேர்காணல்களிலும் "ஏன் ஊரைவிட்டு வெளியேற சூஸ் பண்ணினீர்கள்?" என்ற தொனியில் கேள்வி வரும். 1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்துக்குள் வலிகாமத்தில் இருந்து சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவைப் பற்றி அந்த வினையை வைத்துக் கேட்டால் என்ன பதில் சொல்வது? கேள்வியின் வினையை ஏற்றுக்கொண்டு "வீ சோஸ் டு லீவ்" என்று எழுதினால் பொறுப்பு முழுவதும் எழுதினவர் தலையில் வந்து விழும். அப்படியான கடிதங்களில் நான் முதலில் செய்கிற வேலை சூஸைக் கழற்றிவிட்டு "வீ ஹாட் டு லீவ்" என்று போடுவது. இங்கிலிஷில் யூ சோஸ் என்பது பாதி நேரம் குற்றச்சாட்டு.

இனி எலெக்ட். இது ஊர் கூடி எடுப்பது, அல்லது ஊர் கூடி எடுத்தமாதிரி ஒரு மிடுக்கோடு எடுப்பது. பங்குனி மாதத்தில் யாழ் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமரின் இங்கிலிஷ் செய்தியை எடுத்துப் பாருங்கள். 1904இல் தொடங்கிய போட்டி. நாணயச் சுழற்சியில் வென்றவர் எலெக்டட் டு பாட் என்று இருக்கும். வாக்குப்பெட்டியும் இல்லை, வாக்காளரும் இல்லை, ஒரு கப்டன், ஒரு நாணயம். ஆனாலும் எலெக்ட். விதி கொடுத்த உரிமையை முறைப்படி பயன்படுத்துகிறார் என்பதால் அந்த மிடுக்கு. பத்திரிகைத் தமிழில் "துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தது" என்று போடுகிறார்கள், அது நல்ல தமிழ்.

எலெக்ட் பண்ண மறுப்பதை சூஸ் பண்ணலாம். யாழ்ப்பாணம் அதை 1931இல் செய்து காட்டியது. சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தல் அது. முழுச் சுயாட்சி தராத அரசியல் யாப்பு என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது, யாழ்ப்பாணத்தின் நாலு தொகுதிகளிலும் வேட்புமனுவே வரவில்லை, 1934 வரை அந்தக் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். போகாமல் விட்டார்களா, போகவிடாமல் பண்ணினார்களா, அதை எந்த வினையால் எழுதுகிறார் என்பதை வைத்தே எழுதுகிறவரின் அரசியலைச் சொல்லிவிடலாம்.

எங்கள் பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் மாவட்டங்களில் எலெக்ட் ஆனவர்கள், 29 பேர் தேசியப்பட்டியலில் வந்தவர்கள். அந்த 29 பேரை எந்த வினையில் சொல்வது என்பது தேநீர்க்கடை விவாதம். கட்சி செலெக்ட் பண்ணியது என்று கட்சிக்காரர் சொல்வார், பிக் பண்ணியது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அளவுகோலைக் காட்டு என்று கேட்டால் கட்சிக்காரர் பேச்சை மாற்றுவார்.

விருப்பு வாக்கு இன்னும் சுவையான விஷயம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் ஆறு ஆசனம். அந்த மூன்றில் யார் முதல், யார் மூன்றாவது என்று கணக்கில்லை, மூன்றும் சமம். இங்கிலிஷில் இதற்கும் ப்ரிஃபரன்ஸ் என்றே பெயர், ஆனால் ஒன்றை மற்றதற்கு முன்னால் வைக்காதது எப்படி ப்ரிஃபர் ஆகும்? நடப்பது பிக். சனாதிபதித் தேர்தலில்தான் 1, 2, 3 என்று எழுதலாம், அதுதான் உண்மையான ப்ரிஃபரன்ஸ். அந்த 2க்கும் 3க்கும் பல தேர்தலாய் வேலையே வரவில்லை. 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நாட்டின் சரித்திரத்தில் முதல்தடவையாக இரண்டாவது விருப்பை எண்ணவேண்டி வந்தது. அன்றைக்குத்தான் கனபேர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வந்ததை நினைத்துக் கையைப் பிசைந்தார்கள்.

இப்படி ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாய் விடுவதற்கு இங்கிலிஷில் ஒரு பழைய வினை இருக்கிறது, பிளம்ப். முன்னர் இங்கிலாந்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள், வாக்காளருக்கு இரண்டு வாக்கு. தன் ஆளின் எதிராளிக்குத் தவறியும் உதவக்கூடாது என்று இரண்டாவதைப் பயன்படுத்தாமல் ஒருவருக்கே போட்டால் அது பிளம்பர் வாக்கு. (குழாய் திருத்துகிறவர் வேறு, எழுத்தும் வேறு.) பிறகு அது பேச்சுக்கு வந்து, கனக்க யோசித்து, கடைசியில் ஒன்றின்மேல் தொப்பென்று விழுவதற்கு பிளம்ப் ஃபோர் என்றானது. எனக்கு இந்த வரிசையிலேயே ஆகப் பிடித்த வினை இதுதான். ஆனால் பிள்ளைகளே, விசாக் கடிதத்தில் "ஐ பிளம்ப்ட் ஃபோர் யுவர் யுனிவர்சிட்டி" என்று எழுதிக்கொண்டு வராதேயுங்கோ. வாசிக்கிற அதிகாரி இங்கிலிஷ்காரராய் இருந்தால் சிரிப்பார், வேறு நாட்டவராய் இருந்தால் டிக்சனரியைத் திறப்பார், அதில் முதல் பொருள் கொழுகொழு என்று இருக்கும்.